வீட்டுக்காரர் மடியில் ஒரு ஸ்பீக்கர்

பாபு பொத்தானை அமுக்கியதுதான் தாமதம், "ஊய்ய்ய்ய்" என்று ஓர் அலறல் கிளம்பியது. நான் இன்னும் வீணைத் தந்தியைத் தொடக்கூட இல்லை.

என் கைகள் தாமாகக் காதுக்குப் போயின. மைக் செட் வைத்தே பிழைக்கிற பாபுவும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டு மல்லிகா தோசைக் கரண்டியோடு ஓடிவந்து வாசலில் நின்றாள். எங்கள் வீட்டுக் குக்கர் வெடித்துவிட்டது என்று நினைத்தாளாம். தெருமுனையில் படுத்திருந்த நாய் எழுந்து எங்கள் வீட்டைப் பார்த்து ஊளையிட்டது.

இத்தனை களேபரத்திலும் ஒருவர் மட்டும் அசையவில்லை. என் வீட்டுக்காரர் ஏகாம்பரம். பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, எப்போதும்போல என் விரல்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு? எல்லாரும் ஏன் காதப் பொத்திகினு கீறீங்க?"

மல்லிகா சிரித்துவிட்டாள். பாபுவும் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பேட்டரி ஸ்பீக்கரை நான் வரவழைத்ததே அவருக்காகத்தான். அவர் காதில் என் வீணை விழ வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தெருவே பதறிப்போன சத்தம் எட்டாத காதுக்கு வீணை எங்கே எட்டப்போகிறது என்று பகீரென்றது.

"டென்ஷன் ஆவாதீங்க டீச்சர்" என்றார் பாபு. "மைக்கும் ஸ்பீக்கரும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துகினு இருந்தா இப்டித்தான் சண்ட போடும். தள்ளி வெச்சா சரியாப் பூடும்."

புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சொல்கிற புத்திமதிபோல இருந்தது. ஆனால் தள்ளித் தள்ளி வைத்தும் சண்டை ஓயவில்லை. சட்டைக் காலரில் மாட்டுகிற சின்ன மைக்கை வீணையில் கவ்வவிட்டிருந்தார். ஸ்பீக்கரைச் சமையலறைக்குக் கொண்டுபோனால் அலறல் நின்றது. சமையலறையில் கேட்டு என்ன ஆகப்போகிறது? அங்கே மிக்சியும் நானும்தான் இருக்கிறோம்.

பஸ்ஸில் வந்த நோயாளி

என்னைப் பெரிய வித்வாம்சினி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தேவிகாபுரம் பஸ்ஸில் தினம் தொங்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

வெம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி எங்கள் ஊர். எங்கள் வீட்டில் கூலி வேலைக்குப் போகாத ஆள் கிடையாது. வீணையை நாங்கள் சாமி காலண்டரில்தான் பார்த்திருந்தோம். செய்யாறில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது, பள்ளிக்கூடத்துப் பாட்டு அறையில் ஒரு நிஜ வீணை இருந்தது. வகுப்பில் பேசியதற்குத் தண்டனையாக அதைத் துடைக்கச் சொன்னார்கள். துடைக்கும்போது தந்தியில் விரல் பட்டுவிட்டது. அதற்கப்புறம் நான் வகுப்பில் தினமும் பேசினேன்.

எங்கள் கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் முறுக்கிக்கொண்டு நின்ற கதையை முன்பே இந்தப் பக்கங்களில் எழுதிவிட்டேன். அதைத் திரும்பக் கிளற மனமில்லை. கல்யாணமாகி ஆரணிக்கு வந்த புதிதில், எனக்கு வீணை தெரியும் என்று பேச்சுவாக்கில் இவரிடம் சொன்னேன். இவர் தலையை ஆட்டிவிட்டுப் பின்கட்டுத் தறிக்குப் போய்விட்டார். கொஞ்ச நாள் கழித்து, "ஒரு வேல இருக்குது" என்று சொல்லிவிட்டு வெளியூருக்குக் கிளம்பினார். திரும்பி வந்தபோது கூடவே ஒரு தஞ்சாவூர் வீணை வந்தது.

அதை அவர் பஸ்ஸில் கொண்டுவந்த விதத்தைப் பாபுவே பலமுறை சொல்லச்சொல்லிக் கேட்டிருக்கிறார். பழைய பட்டுப்புடவையில் தலைமுதல் கால்வரை சுற்றி, ஜன்னலோர சீட்டில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, இவர் நின்றுகொண்டே வந்தாராம். பின் சீட்டு அம்மாள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாவம், ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஆமாங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் கண்ணசந்தாங்க" என்றாராம் இவர்.

இதைக் கேட்டு பஸ்ஸே குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்ததாம். இந்த மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. சாயங்காலம் டீக்கு எழுந்து வருவார். பின்கட்டில் தறிகளை ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். இவர் எனக்கு எதிரில், சற்று இடப்பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வீணைத் தண்டின் மெட்டுகள்மேல் ஓடுகிற என் இடது கையைக் கண்கொட்டாமல் பார்ப்பார். முடிந்ததும், "நல்லா இருந்துச்சுமே" என்பார். ஒரு நாளும் தவறியதில்லை.

வெளியில் எனக்கு இந்த மரியாதை கிடைத்தது கிடையாது. ஒருமுறை பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்கச் சொன்னார்கள். மைக் ஸ்டாண்டு உடைந்திருந்தது. வீணைப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஹெட்மாஸ்டரே குந்தி உட்கார்ந்தார். அவருக்கு வீசிங் உண்டு. வீணையைவிட மைக் அவர் வாய்க்குக் கிட்டே இருந்தது. தேவிகாபுரம் வட்டாரமே அன்று அவருடைய மூச்சிரைப்பைத்தான் கேட்டது. கடைசியில் ஒரு பெற்றோர் என்னிடம் வந்து, "நாயனம் சுமாரா இருந்துச்சுங்க டீச்சர்" என்றார்.

வீட்டுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னேன். இவர், "வுடுமே, நான் கேக்குறேன்ல" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மீட்டாத பாட்டு

எங்கள் தெருவில் யாரும் ரகசியம் பேச முடியாது. வீட்டுக்கு வீடு பவர்லூம். பட்டு மெல்லியது, அதை நெய்கிற தறி அப்படி இல்லை. விடிந்ததிலிருந்து டடக்கு டடக்கு என்று ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்தித்தான் எல்லாரும் பேசுவார்கள். பாதியை வாயசைவிலேயே புரிந்துகொள்வார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்தத் தெருவில் எல்லாரும் சண்டைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். இப்படிப்பட்ட தெருவில் ஒருவருக்குக் காது மந்தமானால் அது யார் கண்ணிலும் படாது.

அமாவாசைக்கு மட்டும் தறி ஓடாது. கைத்தறி நாளிலிருந்து வருகிற வழக்கம். மின்சாரத் தறி வந்த பிறகும் அதை யாரும் மீறவில்லை.

அப்படி ஓர் அமாவாசை. காலையில் பூசணிக்காய் நறுக்கும்போது வலது ஆள்காட்டி விரலை அறுத்துக்கொண்டேன். மீட்ட முடியாது. கை அரித்தது, சும்மா இருக்கவும் முடியவில்லை. சாயங்காலம் வீணையை எடுத்துவைத்துக்கொண்டு, இடது கையை மட்டும் மெட்டுகள்மேல் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். கட்டுப்போட்ட வலது கை பழக்கத்தில் வீணைக் குடத்தின்மேல் கிடந்தது. சத்தம் என்று ஒன்றும் வரவில்லை. எனக்கு மட்டும் மனசுக்குள் பாட்டு ஓடியது.

இவர் வந்தார். நாற்காலியைப் போட்டார். பார்த்தார். முடிந்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுமே. தறிச் சத்தம் இல்ல பாரு, தெளிவாக் கேட்டுச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. கட்டுப்போட்ட விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நான் மீட்டவே இல்லீங்க!"

விரலைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். தாடையைச் சொறிந்துகொண்டார். பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் இப்படிச் சொறிவதை நான் தினமும் பார்க்கிறேன்.

"விரலு ஓடிச்சே" என்றார். "அதப் பாத்துகினு இருந்தேன்."

"எவ்ளோ நாளா கேக்கல?"

"இன்னா நாளுன்னு சொல்றது. ஒரே நாள்ல போனா தெரியும். இது கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. மொதல்ல சின்னத் தந்தி போச்சு. அப்பால மத்தது."

"அப்பறம் ஏன் தினம் வந்து உக்காந்தீங்க?"

"நீ வாசிக்கிறியே" என்றார், இதிலென்ன கேள்வி என்பதுபோல.

முதலில் வந்தது கோபம்தான். அது போனதும் அழுகை வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து எனக்கு வீணை வாங்கித் தந்தவர் காதில் விழாமல், நான் யாருக்கு வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தது.

காது மெஷின் வாங்காமல் இல்லை. வேலூருக்குப் போய்ச் சோதித்து வாங்கினோம். பேச்சுக்கு உதவியது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டால், தெருவிலிருக்கிற அத்தனை தறியும் தன் மண்டைக்குள் வந்து ஓடுவதாகச் சொல்லிக் கழற்றிவைத்துவிட்டார். வீணையை அதில் கேட்டுப் பார்த்தபோது, "தகர டப்பாவுல கொசு பூந்த மாரி கீது" என்றார். அந்த மெஷின் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது.

அதற்கப்புறம்தான் பாபுவுக்குப் போன் போட்டேன். கோயில் கூழ் ஊற்றுவதற்கும் மஞ்சள் நீராட்டுக்கும் மைக் செட் கட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும், தோளில் மாட்டிக்கொள்ள வார் வைத்த சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். "பேட்டரி டீச்சர். கரண்ட் போனாலும் பாடும்" என்று அதைத் தட்டிக்கொடுத்தார். முதல் நாள் அது எப்படிப் பாடியது என்பதைத்தான் மேலே சொல்லிவிட்டேனே.

கோடித் தறி செய்த கச்சேரி

அலறலுக்கு மருந்தாகப் பாபு இன்னொரு மைக்கைக் கொண்டுவந்தார். மைக் என்றால் நம்ப முடியாது, சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. பின்னால் ஒட்டிக்கொள்கிற பசை.

"இது காத்துல வர்ற சத்தத்த எடுக்காது டீச்சர். மரம் அதிருது பாருங்க, அத மட்டும் எடுக்கும். இனிமே ஊளை வுடாது."

தந்திகளைத் தாங்குகிற குதிரைக்குப் பக்கத்தில், குடத்தின் பலகையில் அதை ஒட்டினார். ஒயரை ஸ்பீக்கரில் சொருகினார். ஸ்பீக்கரை இவர் மடியில் வைத்தார். வாரை இவரே தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மல்லிகா இந்தமுறை கரண்டி இல்லாமல், முன்ஜாக்கிரதையாகக் காதில் விரலோடு வந்திருந்தாள்.

வாசித்தேன். அலறல் இல்லை. என் மனசு நிறைந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன். புருவம் மேலே ஏறியது. கண் விரிந்தது. உதடு லேசாகப் பிரிந்தது. கேட்கிறது! சந்தோஷத்தில் ஒரு கமகம் பிசகிவிட்டது, பரவாயில்லை என்று விட்டுவிட்டுத் தொடர்ந்து வாசித்தேன்.

திடீரென்று இவர் எழுந்தார்.

"கோடித் தறியில போல்ட்டு லூசாகீது!"

ஸ்பீக்கரைப் பாபு கையில் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாபு ஸ்பீக்கரில் காதை வைத்தார். ஒரு கையால் மீட்டிக்கொண்டே நானும் குனிந்து வைத்தேன். என் வீணை எங்கேயோ ஓரத்தில் முனகிக்கொண்டிருக்க, நடுவில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, டடக்கு டடக்கு, டடக்கு டக். பின்கட்டுத் தறி அத்தனையும் ஒன்றுவிடாமல் கேட்டது. அதிலும் கோடியிலிருந்த கடைசித் தறி ஓர் அடி விட்டு அடித்தது, தறியைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே கேட்டது.

விஷயம் இதுதான். வீணைக் குடம் தரையில் உட்கார்ந்திருக்கிறது. தறி நிற்பதும் அதே தரையில். தறி அதிர்ந்தால் தரை அதிர்கிறது, தரை அதிர்ந்தால் குடம் அதிர்கிறது. மரத்தின் அதிர்வை மட்டும் எடுப்பேன் என்று சத்தியம் செய்த பொத்தான், சொன்னபடி எடுத்துக்கொடுத்துவிட்டது. இவர் காதுக்கும் தறி தட்டுகிற கனமான சத்தம்தான் இன்னும் கொஞ்சம் எட்டும்.

இவர் ஸ்பானரோடு திரும்பி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"நான் சொல்லல? லூசுதான். இந்நேரம் வுட்டிருந்தா குறுக்க நூல் ஓட்டுற நாடா பிச்சிகினு போயிருக்கும். நல்ல மைக்கு பாபு இது!"

"நான் வாசிச்சது?" என்று கத்தினேன்.

"நீ ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். மறுநாளே அவள் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். "அண்ணி, அந்த வீணைய எங்க வூட்டாண்ட கொஞ்சம் வெச்சிப் பாக்க முடியுமா? எங்க தறி ஒண்ணு பேஜார் பண்ணுது." அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகத்தான். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

கரண்ட் போன நாள்

தரைக்கும் வீணைக்கும் உறவை வெட்டுவது எப்படி என்று எல்லாரும் யோசித்தார்கள். தலையணை வைத்துப் பார்த்தேன், குடம் சாய்ந்து, தண்டின் முனையில் செதுக்கிய யாளி முகம் என் கன்னத்தை இடித்தது. பாபு மேடையில் விரிக்கிற ரப்பர் பாயைக் கொண்டுவந்தார், தறி அதையும் தாண்டி வந்தது. கடைசியில் மல்லிகாதான் தன் வீட்டிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நெய்யும்போது அறுந்து கழிகிற பட்டு நூல். பட்டுக் கழிவு என்று ஒரு மூலையில் போட்டுவைப்போம். பஞ்சைவிட மெத்தென்று இருக்கும், ஆனால் அமுங்கினாலும் திரும்ப எம்புகிற உயிர் இருக்கும்.

அதைப் பழைய வேட்டியில் வைத்துச் சுருட்டி, தண்ணீர்க் குடம் சுமப்பவர்கள் தலையில் வைக்கிற சும்மாடுபோல வளையமாகக் கட்டினோம். வீணைக் குடம் அதில் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. பாபு ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். தறி போய்விட்டது. தெருவில் ஓடுகிற சத்தம் வேறு, அதை யாரும் சும்மாட்டில் கட்ட முடியாது. அந்த இரைச்சல் ஓய்ந்தால்தான் இவருக்கு வீணை பிரித்துத் தெரியும் என்று முடிவானது.

அதற்கு நல்ல வாய்ப்பாக, பராமரிப்பு வேலைக்காகப் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது என்று அறிவித்திருந்தார்கள். பள்ளிக்கும் விடுமுறை. காலையில் கரண்ட் போனது. தெரு சட்டென்று ஊமையானது. இவர் தலைசீவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கச்சேரிக்கு வருகிற மாதிரி அவர் கிளம்பி வந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோபோலவும் இருந்தது.

ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினேன். சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. திரும்ப அமுக்கினேன். தட்டினேன். பாபுவுக்குப் போன் போட்டேன்.

"சார்ஜ் போட்டீங்களா டீச்சர்?"

போடவில்லை. பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனாலும் பாடும் என்கிற தைரியத்திலேயே அதை மூலையில் வைத்திருந்தோம். அதற்கும் சோறு போட வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கிற குட்டைச் சுவருக்கு மேலே மல்லிகா எட்டிப் பார்த்தாள். "கரண்டு இருந்தா தறி ஓடுது, வீணை கேக்கல. கரண்டு போனா ஊரே கேக்குது, ஸ்பீக்கரு பாடல. நல்ல குடும்பம்க்கா உங்களது! நீ சும்மானா வாசி, எனக்கு இங்கயே நல்லாக் கேக்குது."

வாசித்தேன். மல்லிகாவுக்குக் கேட்டது. எதிர்வீட்டுக்குக் கேட்டது. தெருவில் போன கீரைக்காரர்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார். என் எதிரில் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மட்டும் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவரிடமிருந்து வழக்கமான "நல்லா இருந்துச்சுமே" வரவில்லை. இனிமேல் பொய் சொல்ல முடியாது, நிஜத்தைச் சொல்லவும் மனசு வரவில்லை. எழுந்து, நாற்காலியை மடக்குவதற்கு இடம் தேடினார். அது மடக்குகிற நாற்காலியே இல்லை.

அமாவாசை மத்தியானம்

அடுத்த அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. முந்தின நாளே ஸ்பீக்கரைச் சார்ஜில் போட்டுவிட்டு, போகும்போதும் வரும்போதும் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். இட்லி மாவு பொங்குகிறதா என்று பார்ப்பதைவிட அதிகமாகப் பார்த்தேன்.

காக்கைக்குச் சோறு வைத்து, வடையோடு சாப்பிட்டு முடித்தாயிற்று. தெருவில் தறி இல்லை. சும்மாட்டை வைத்து அதன்மேல் வீணையை வைத்தேன். பொத்தான் மைக்கை ஒட்டினேன். பாபு சொல்லிக்கொடுத்தபடி, கீச்சுச் சத்தத்தைக் குறைத்துக் கனத்த சத்தத்தைக் கூட்டினேன். இவர் காதுக்கு எட்டுவது அதுதான். ஸ்பீக்கர் இவர் மடிக்குப் போனது. வேறு யாரையும் கூப்பிடவில்லை. கேட்காமல் போனால் அது எங்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கனத்து ஒலிக்கிற மந்தரத் தந்தியிலிருந்து ஆரம்பித்தேன். மெதுவாக, ஒவ்வொரு சுரமாக.

இவர் வழக்கம்போல என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் இல்லை. நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. குனிந்துகொண்டு வாசித்தேன், அவர் முகத்தைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. மேலே ஏறி, திரும்பக் கீழே இறங்கும்போது, ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தேன்.

இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷத்தில் என் வீணைக்கு எதிரில் இந்த மனுஷன் கண்ணை மூடியதே இல்லை. காது போனபின் மூடியிருந்தால் அவருக்கு எதுவும் இருந்திருக்காது. இப்போது இமை இறுக மூடியிருக்க, ஸ்பீக்கரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. மெட்டுகள் மங்கலாகிவிட்டன. விரலுக்கு வழி தெரியும், அது பாட்டுக்குப் போனது.

முடித்தேன். இவர் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது முகம் என்னவோபோல இருந்தது.

"இதானா?" என்றார்.

"இன்னா, இதானா?"

"இல்ல. முன்ன கேட்டதெல்லாம் மறந்து போச்சு. நான் நெனச்சிகினு இருந்தது வேறமே."

அழுகையெல்லாம் ஓடிப்போய், வழக்கமான எரிச்சல் வந்து சேர்ந்தது. இவ்வளவு பாடுபட்டு, பட்டுக் கழிவில் சும்மாடு கட்டி, இத்தனை நாள் கழித்துக் காதில் விழவைத்தால், இதானா!

"நீங்க இன்னா நெனச்சீங்க?"

"அது வந்து... தினம் விரல் போறத பாத்துகினே இருப்பேனா. இங்க போவுது, அங்க எறங்குது, அந்த எடத்துல நின்னு ஆடுது. சத்தம் இல்லாம எப்படிப் பாக்கறது? அதனால நானே ஒண்ணு போட்டுக்குவேன். உள்ளுக்குள்ள."

"போட்டுக்குவீங்கன்னா?"

"பாட்டுதான்."

"பாடுங்க."

"சும்மாரு. எனக்கு இன்னா பாட்டு வரும்?"

"பாடப்போறீங்களா, இல்லயா?" வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டேன். அந்தக் குரல் காது மெஷின் இல்லாமலே அவருக்குக் கேட்கும்.

இவர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். காலால் தரையில் தட்ட ஆரம்பித்தார், தறி ஓடுகிற அதே தாளம். பிறகு, தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காதவர் பாடுவதுபோல, ஏற்ற இறக்கம் கொஞ்சம் தப்பித் தப்பி, வார்த்தையே இல்லாமல் முனகினார். எந்த ராகத்திலும் சேராது. நான் தினம் வாசித்த கீர்த்தனைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் என் இடது கை போகிற வழி அதில் அப்படியே இருந்தது. நான் நிற்கிற இடத்தில் நின்றது. நான் ஆடுகிற இடத்தில் ஆடியது.

இத்தனை சாயங்காலங்கள் நான் ஒன்று வாசிக்க, இந்த மனுஷன் எனக்கு எதிரில் உட்கார்ந்து தனக்குள் இன்னொன்று கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவரை எழுந்துபோய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மடியில் வீணை இருந்தது, அவர் மடியில் ஸ்பீக்கர் இருந்தது.

"திரும்பப் பாடுங்க" என்றேன்.

பாடினார். விரலால் தேடினேன். முதல் வரி கைக்கு வந்தது. ஸ்பீக்கர் அதை இவர் மடியிலிருந்தே பாடியது. இவர் ஒரு நிமிஷம் அந்தப் பெட்டியைக் குனிந்து பார்த்தார், அதற்குள் தன்னை யாரோ பிடித்து அடைத்துவைத்திருப்பதுபோல.

"தப்பு" என்றார். "அங்க ஜல்தியா எறங்கிட்ட. கொஞ்சம் நின்னு எறங்கு."

என் வாசிப்பில் இவர் தப்பு கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. நின்று இறங்கினேன்.

"இன்னும் நில்லு."

நின்றேன்.

"ஆங். அதான்."

முழுசாக வருகிறவரை விடவில்லை. எனக்கு விரல் நுனி எரிந்தது. அவருக்குக் கண் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. மத்தியானம் போய் வெயில் சாய்ந்துவிட்டது. டீ போடக்கூட இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

சுவருக்கு மேலே மல்லிகாவின் தலை தெரிந்தது.

"அக்கா, இது இன்னா பாட்டு? புச்சா கீது? நல்லாகீதே! யாருது?"

இவருக்கு அது கேட்கவில்லை. அவள் வாயசைவதைப் பார்த்துவிட்டு, "இன்னாவாம் அதுக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

"பாட்டு யாருதுன்னு கேக்குறா! உங்களுதுன்னு சொல்லட்டுங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

இவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. மல்லிகாவைப் பார்க்காமல், பதிலும் சொல்லாமல், மடியிலிருந்த ஸ்பீக்கரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைத்து, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.